நதி நெடுஞ்சாலையில் ஒரு சொந்தப் படகு

நமது நாடாளுமன்றச் செய்தியாளர்

புது தில்லி: 2021 ஜூலை 29. மக்களவையின் மையப் பகுதியில் எதிர்க்கட்சி உறுப்பினர்கள் பதாகைகளுடன் நின்றிருந்தனர். பெகாசஸ் உளவுக் குற்றச்சாட்டு குறித்து விவாதம் வேண்டும் என்ற முழக்கம் ஓயவில்லை. அந்த அமளிக்கு நடுவே குரல் வாக்கெடுப்பில் நிறைவேறிய மசோதாக்களில் ஒன்று, உள்நாட்டுக் கலங்கள் மசோதா. ஆகஸ்ட் 2-ஆம் தேதி மாநிலங்களவையும் அதற்கு ஒப்புதல் அளித்தது. அங்கும் கூச்சல்தான்.

1917-ஆம் ஆண்டில், வெள்ளையர் ஆட்சியில் இயற்றப்பட்ட சட்டம் ஒன்று நூறாண்டு கடந்தபின் இவ்வாறு விடைபெற்றது. நாட்டின் ஆறுகளில் இயந்திரத்தால் ஓடும் ஒவ்வொரு படகையும் தொடுகிற புதிய சட்டம் அதன் இடத்தில் வந்தது. அது யாருக்கானது என்று அவையில் எவரும் ஆற அமரக் கேட்கவில்லை. சரக்குக் கப்பலுக்கா, சொகுசுக் கப்பலுக்கா, படித்துறையில் நிற்கும் படகோட்டிக்கா, அல்லது ஆற்றைப் பார்க்க ஆசைப்படும் சாதாரணக் குடிமகனுக்கா?

விடை காண எளிய வழி ஒன்று உண்டு. 60 வயதில் அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவரை எண்ணிக்கொள்வோம். பிள்ளைகள் தனித்தனிக் குடும்பமாகிவிட்டனர். பணிக்கொடையாக வந்த தொகையில் ஒரு பகுதியைக் கொண்டு, படுக்க இடமும் சமைக்க அடுப்பும் உள்ள சிறிய இயந்திரப் படகு ஒன்றை வாங்கி, மனைவியுடன் வாராணசியிலிருந்து கங்கையின் போக்கிலேயே ஹால்தியா வரை செல்ல விரும்புகிறார். தூரம் சுமார் 1,390 கி.மீ. நாளொன்றுக்கு 60 கி.மீ. வீதம் சென்றால் 24 நாள்கள். காசிக்குப் போவது நம்மவர்களுக்குப் பழகிய கனவு; காசியிலிருந்து சொந்தப் படகில் புறப்படுவது புதிய கனவு. இத்தம்பதி கற்பனை. ஆனால் அவர்கள் எதிர்கொள்ள வேண்டிய சட்டமும் ஆறும் கற்பனை அல்ல.

கடல் கடந்த முன்னுதாரணம்

சில நாடுகளில் இது கனவே அல்ல. இங்கிலாந்தின் ஸ்டாஃபர்ட்ஷயர் பகுதியைச் சேர்ந்த டெரி டார்லிங்டன், மோனிகா தம்பதி, ஓய்வுக் காலத்தில் தங்களுடைய ஒடுங்கிய கால்வாய்ப் படகில் வளர்ப்பு நாயையும் ஏற்றிக்கொண்டு, ஆங்கிலக் கால்வாயைக் கடந்து, பிரான்ஸின் தென்பகுதியிலுள்ள கார்கசோன் நகர் வரை சென்றனர். அந்தப் பயணத்தைப் பற்றிக் கணவர் எழுதிய நூல் 2005-இல் வெளியானது.

நடிகர்களான டிமோதி வெஸ்ட், புருனெல்லா ஸ்கேல்ஸ் தம்பதியின் கதை இன்னும் உருக்கமானது. பல ஆண்டுகளாகச் சொந்தப் படகில் கால்வாய்ப் பயணம் செய்துவந்த இவர்கள், 2014 முதல் அதைத் தொலைக்காட்சித் தொடராகவும் நடத்தினர். அப்போது மனைவி 80 வயதைக் கடந்திருந்தார். மறதி நோயும் தொடங்கியிருந்தது. அந்நிலையிலும் கணவர் சுக்கான் பிடிக்க, மனைவி உடன் செல்ல, பயணங்கள் தொடர்ந்தன. இந்தியாவுக்கும் வந்து, கேரளக் காயல்களிலும் அசாமில் பிரம்மபுத்திராவிலும் சென்றனர். தம் நாட்டில் சொந்தப் படகில் சென்றவர்கள், இங்கே ஏறியது பிறர் படகுகளில். வெஸ்ட் 2024 நவம்பரிலும், ஸ்கேல்ஸ் 2025 அக்டோபரிலும் காலமாயினர்.

இவர்களது பயணத்தைச் சாத்தியமாக்கியது செல்வம் மட்டுமல்ல, ஒரு சட்டமும்தான். ரயிலும் லாரியும் சரக்கைப் பறித்துக்கொண்டபின், பிரிட்டனின் கால்வாய்கள் தூர்ந்துபோயின. அந்நிலையில் தொழிற்கட்சி அரசின் போக்குவரத்து அமைச்சர் பார்பரா காசில் கொண்டுவந்த 1968-ஆம் ஆண்டுச் சட்டம், அரசின் வசமிருந்த நீர்வழிகளைச் சரக்குக்கு உரியவை, உல்லாசப் படகுப் பயணத்துக்கு உரியவை, எஞ்சியவை என்று மூன்றாகப் பிரித்தது. பொழுதுபோக்காகப் படகில் செல்வதும் நீர்வழியின் நியாயமான பயன்பாடு என்பதை நாடாளுமன்றம் சட்டத்தில் எழுதியது.

இன்று இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளில் சுமார் 3,200 கி.மீ. நீர்வழிகளை 2012-இல் பொறுப்பேற்ற ஓர் அறக்கட்டளை நிர்வகிக்கிறது. அவற்றில் 35,000-க்கும் மேற்பட்ட படகுகள் உள்ளன. பாதுகாப்புச் சான்று, காப்பீடு, படகுக்கான உரிமம் ஆகிய மூன்றும் இருந்தால், ஓய்வு பெற்ற ஆசிரியரும் தம் படகைத் தாமே செலுத்தலாம்.

மூன்று பட்டியல்களில் ஓர் ஆறு

நம் நாட்டில் சொந்தப் படகில் ஆற்றில் வசிப்பது புதிதல்ல. ரயில் வருமுன் கல்கத்தாவிலிருந்து மேற்கே சென்ற கம்பெனி அதிகாரிகள், 'பஜ்ரா' எனப்படும் அறை வைத்த படகுகளில் குடும்பத்துடன் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் கங்கையில் பயணம் செய்தனர். 'பத்மா' என்ற குடும்பப் படகில் தங்கி ரவீந்திரநாத் தாகூர் கிழக்கு வங்கத்து ஆறுகளில் நாள்களைக் கழித்தார். அதிகாரிக்கும் ஜமீன்தாருக்கும் இருந்த அந்த வசதி, குடியரசின் குடிமகனுக்கு வந்து சேர்ந்ததா என்பதே கேள்வி.

அரசியல் சட்டத்தின் 7-ஆவது அட்டவணை, ஆற்றுப் போக்குவரத்தை மூன்று பட்டியல்களிலும் பகிர்ந்து வைத்திருக்கிறது. நாடாளுமன்றம் தேசிய நீர்வழி என்று சட்டத்தால் அறிவித்தவற்றில் இயந்திரக் கலங்களின் போக்குவரத்து மத்தியப் பட்டியலில் 24-ஆவது இனம். மற்ற நீர்வழிகளில் இயந்திரக் கலங்கள் பொதுப் பட்டியலில் 32-ஆவது இனம். எஞ்சிய உள்நாட்டு நீர்வழிகள் மாநிலப் பட்டியலின் 13-ஆவது இனத்தில் அடங்கும். ஆக, துடுப்பால் ஓடும் படகு மாநிலத்தின் பொறுப்பு. அதே படகில் மோட்டார் பொருத்தி கங்கையில் இறக்கினால் தில்லியின் அதிகாரம் தொடங்கிவிடுகிறது.

அலகாபாத் முதல் ஹால்தியா வரையிலான 1,620 கி.மீ. நீர்வழி, 1986-இல் முதலாவது தேசிய நீர்வழியாயிற்று. அதே ஆண்டில் இந்திய உள்நாட்டு நீர்வழிகள் ஆணையம் அமைந்தது. 30 ஆண்டுகளில் தேசிய நீர்வழிகளின் எண்ணிக்கை 5-ஐத் தாண்டவில்லை. 2016-ஆம் ஆண்டுச் சட்டம் ஒரே வீச்சில் 106 நீர்வழிகளைச் சேர்த்து, அதை 111 ஆக்கியது. மாநிலங்களின் நீர் உரிமையும் ஆற்றுப்படுகை உரிமையும் பாதிக்கப்படாது என்று மத்திய அரசு அப்போது உறுதியளித்தது.

நம் தம்பதிக்கு 2021-ஆம் ஆண்டுச் சட்டம் செய்த நன்மை ஒன்று உண்டு. அவர்களின் வழி உத்தரப் பிரதேசம், பிகார், ஜார்க்கண்ட், மேற்கு வங்கம் என நான்கு மாநிலங்களைத் தொட்டுச் செல்கிறது. ஒரு மாநிலத்தில் பெற்ற பதிவுச் சான்று இப்போது நாடு முழுவதும் செல்லும்; எல்லை தாண்டும்போது தனி அனுமதி கேட்டு நிற்க வேண்டியதில்லை. படகோட்டிகளின் இயந்திரமில்லாப் படகுகளை உள்ளாட்சி நிலையிலேயே பதிந்துகொள்ளவும் சட்டம் இடம் தருகிறது.

சுமைகளும் உண்டு. படகை ஆய்வாளர் சோதித்துச் சான்று தர வேண்டும். மாநில அரசு நியமித்த பதிவாளரிடம் பதிய வேண்டும். காப்பீடு வேண்டும். செலுத்துவோரின் தகுதி விதிகளின்படி இருக்க வேண்டும். பயணிகளின் உயிர் சம்பந்தப்பட்ட இடத்தில் இக்கட்டுப்பாடுகள் தேவையே. ஆனால் 1,500 டன் சரக்குக் கலத்தையும் இருவர் மட்டுமே செல்லும் சொந்தப் படகையும் ஒரே மேசையில் வைத்துப் பார்த்தால், சிறியவர் அலுவலகப் படியேறியே களைத்துப்போவார். பிரிட்டன் 1968-இல் செய்த பாகுபாட்டை நம் சட்டம் முதன்மைக் கொள்கையாக ஏற்கவில்லை.

ஆழம் அல்ல, கரைதான் சிக்கல்

காகிதங்கள் சரியாகி, படகு வாராணசியில் இறங்கிவிட்டதாகக் கொள்வோம். முதல் அச்சம் ஆழம் பற்றியதாக இருக்கும். மழைக்காலத்தில் கரைபுரளும் கங்கை, கோடையில் மணல் திட்டுகளுக்கு நடுவே பல கிளைகளாகப் பிரிந்து மெலிகிறது. நேற்று ஆழமாக இருந்த தடம் இன்று மேடாகிவிடும். நீரோட்டத்தை ஒரே தடத்தில் குவிப்பதற்காக ஆணையம் மூங்கில் தட்டிகளை வரிசையாக நடுகிறது. 'பண்டல்' என்று அதற்குப் பெயர். எந்த இடத்தில் எவ்வளவு ஆழம் என்ற விவரத்தையும் கலங்களுக்காக வெளியிடுகிறது.

உலக வங்கிக் கடனுதவியுடன் நடைபெறும் 'ஜல் மார்க் விகாஸ்' திட்டத்துக்கு 2018 ஜனவரியில் மத்திய அமைச்சரவை 5,369 கோடி ரூபாய் ஒதுக்கீட்டுக்கு ஒப்புதல் அளித்தது. இதன் இலக்கு ஹால்தியா-பாட் இடையே 3 மீட்டர் ஆழம். அங்கிருந்து காஜிப்பூர் வரை 2.5 மீட்டர், அதற்கு மேல் வாராணசி வரை 2.2 மீட்டர். 1,500 முதல் 2,000 டன் வரை ஏற்றும் கலங்களுக்காகக் கணக்கிடப்பட்ட ஆழம் இது. நம் தம்பதியின் படகுக்கு ஒரு மீட்டர் நீர் இருந்தாலே தாராளம். பல நூறு கோடி ரூபாயில் தூர்வாரி ஆழப்படுத்தும் தேவை அவர்களுக்கு இல்லை.

அவர்களுக்கு வேண்டியவை சின்னஞ்சிறு வசதிகள். இரவில் படகைக் கட்ட ஒரு துறை. குடிநீர்க் குழாய். டீசல் கிடைக்கும் இடம். கழிவை ஆற்றில் கொட்டாமல் இறக்கி வைக்க ஒரு தொட்டி. உடல்நலம் குன்றினால் கரையேறி மருத்துவரிடம் போக ஒரு பாதை. எங்கே மிதவைப் பாலம் குறுக்கிடுகிறது, அது எப்போது திறக்கும் என்று சொல்ல ஒரு தொலைபேசி எண். உத்தரப் பிரதேசத்திலும் பிகாரிலும் வெள்ளம் வடிந்தபின் கட்டி, மழைக்கு முன் பிரிக்கும் அந்தப் பாலங்கள், இரு கரை மக்களுக்கும் உயிர்நாடி. படகு செல்ல ஏற்ற மாதங்களில்தான் அவையும் ஆற்றின் குறுக்கே நிற்கின்றன.

இந்தத் திசையில் அரசு ஓரடி எடுத்து வைத்திருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். 2023 ஜனவரி 13-இல் காஜிப்பூர் மாவட்டத்தின் சைத்பூர், சோசக்பூர், ஜமானியா, பலியா மாவட்டத்தின் கான்ஸ்பூர் ஆகிய இடங்களில் மிதக்கும் சமூகப் படகுத்துறைகளைப் பிரதமர் நரேந்திர மோதி திறந்துவைத்தார். பிகாரிலும் 5 துறைகளுக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. காய்கறிக் கூடையுடன் வரும் விவசாயி, பால்காரர், பள்ளி மாணவர் ஆகியோருக்காக அமைந்த இத்துறைகளே, சொந்தப் படகில் வரும் முதியவருக்கும் பயன்படக்கூடியவை.

அதே நாள், மற்றொரு கப்பல்

ஆனால் அன்றைய தலைப்புச் செய்தி படகுத்துறைகள் அல்ல. அதே விழாவில் காணொலி வழியாகப் பிரதமர் கொடியசைத்து அனுப்பிய 'கங்கா விலாஸ்' சொகுசுக் கப்பல்தான். 62 மீட்டர் நீளம், 18 அறைகள், 36 பயணிகள். வாராணசியிலிருந்து வங்கதேசம் வழியாக அசாமின் திப்ருகர் வரை 51 நாள்களில் சுமார் 3,200 கி.மீ. முதல் பயணத்தில் வந்தவர்களில் 32 பேர் சுவிட்சர்லாந்து நாட்டவர். கட்டணம் ஒருவருக்கு ஒரு நாளைக்குச் சுமார் 25,000 ரூபாய் எனக் கூறப்பட்டது.

புறப்பட்ட சில நாள்களில், பிகாரின் சாப்ரா அருகே ஆழமின்மையால் கப்பல் சிக்கிக்கொண்டதாகச் செய்தி பரவியது. ஆணையம் அதை மறுத்தது. பயணிகள் சிராந்த் தொல்லியல் இடத்தைச் சிறு படகுகளில் சென்று பார்த்துத் திரும்பினர் என்று விளக்கியது. படகோட்டிகளின் பிழைப்பில் கைவைப்பதாகச் சமாஜவாதி தலைவர் அகிலேஷ் யாதவ் சாடினார். அரசோ, இதனால் கரையோரங்களில் வேலைவாய்ப்பு பெருகும் என்றது. கப்பல் பிப்ரவரி இறுதியில் திப்ருகரை அடைந்தது. 2024 செப்டம்பரில், 'குரூஸ் பாரத்' இயக்கமும் தொடங்கப்பட்டது.

சொகுசுக் கப்பல் வருவதில் தவறில்லை. அந்நியச் செலாவணி வரட்டும். நீர்வழிகளில் சென்ற சரக்கு 2013-14-இல் 1.8 கோடி டன்னாக இருந்தது, 2024-25-இல் 14.5 கோடி டன்னாக உயர்ந்ததும் பாராட்டத்தக்கதே. ஆனால் நெடுஞ்சாலை என்ற சொல்லுக்குப் பொருள் என்ன? லாரியும் சொகுசுப் பேருந்தும் செல்லும் அதே சாலையில், மனைவியைப் பின்னால் அமர்த்திக்கொண்டு ஸ்கூட்டரில் செல்பவருக்கும் இடம் உண்டு என்பதல்லவா?

ஆற்றின் மற்ற உரிமையாளர்கள்

பாட்னாவைக் கடந்தபின் வேறொரு கேள்வி எழுகிறது. பிகாரில் சுல்தான்கஞ்ச் முதல் கஹல்காவ் வரையிலான பகுதி, விக்ரமசிலா கங்கை டால்பின் சரணாலயம், 1991-இல் அறிவிக்கப்பட்டது. ஏறத்தாழப் பார்வையற்ற இந்த உயிரினம், ஒலியலைகளை எழுப்பி அவற்றின் எதிரொலியைக் கொண்டே இரையும் வழியும் தேடுகிறது. இயந்திர ஒலியும் தூர்வாருதலும் அதன் வாழ்வைக் குலைக்கும் என்பது உயிரியலாளர்களின் கவலை. நாட்டின் ஆறுகளில் 6,327 டால்பின்கள் இருப்பதாக 2025 மார்ச்சில் வெளியான கணக்கெடுப்பு மதிப்பிட்டது. மெதுவாகச் செல்லும் சிறு படகால் தொல்லை குறைவு. ஆயினும் இல்லாமல் இல்லை.

அதே கஹல்காவில்தான் 1982-இல் 'கங்கா முக்தி ஆந்தோலன்' தொடங்கியது. ஓடும் கங்கையில் சுல்தான்கஞ்ச் முதல் பீர்பைந்தி வரை சுமார் 80 கி.மீ. பகுதி, நாடு விடுதலை பெற்றபின்னும் தனியார் ஜமீன் உரிமையாகவே நீடித்தது. மீன் பிடிக்க வரி கட்ட வேண்டியிருந்த மீனவர்கள் ஏறத்தாழப் பத்தாண்டுகள் போராடி அதை ஒழித்தனர். கங்கை யாருக்கும் தனியுடைமை அல்ல என்பதை நிலைநாட்டியவர்கள் அவர்கள். புதிதாக வரும் படகு எதுவாயினும், அவர்களின் வலையைக் கிழித்துக்கொண்டு செல்லும் உரிமை அதற்கு இல்லை.

அதற்கு அப்பால் ஃபராக்கா. 1975-இல் செயல்படத் தொடங்கிய அந்தத் தடுப்பணையில், இருபுறமும் கதவுகள் கொண்ட 'லாக்' வழியாகப் படகை ஒரு நீர்மட்டத்திலிருந்து மற்றொன்றுக்கு மாற்றி, 38 கி.மீ. நீளமுள்ள ஊட்டுக் கால்வாய்க்குள் இறக்குவார்கள். நம் தம்பதிக்கு இது வேடிக்கையான அனுபவமாக இருக்கலாம். பிகாருக்கோ இது தீராத மனக்குறை: வண்டல் படிந்து வெள்ளம் பெருக இத்தடுப்பணையே காரணம், அகற்றுங்கள் என்று 2016-இல் முதல்வர் நிதீஷ் குமார் கோரினார். வங்கதேசத்துடன் கோடைக்கால நீரைப் பகிரும் உடன்பாடு, 1996 டிசம்பரில் 30 ஆண்டுகளுக்குக் கையெழுத்தாயிற்று. ஒரு சிறு படகு மிதக்கும் நீருக்குள் இத்தனை வழக்குகள் மூழ்கிக் கிடக்கின்றன. அதன்பின் கடலின் ஏற்றவற்றம் ஆளும் ஹூக்ளி. அலை சுவராக எழுந்து மேலேறும் நாள்களில் அங்கு அனுபவசாலிகளே கரையொதுங்குவார்கள்.

பாலாறும் பட்டியலில் உண்டு

இது வடக்கத்திய விவகாரம் என்று நாம் ஒதுங்க முடியாது. 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் அட்டவணையில் பாலாறும் வைகையும் பொன்னையாறும் தாமிரவருணியும் தேசிய நீர்வழிகள். ஆண்டில் பெரும்பகுதி மணலாகக் கிடக்கும் பாலாற்றில் எந்தக் கலம் செல்லும் என்பதைச் சட்டம் இயற்றியவர்களே சொல்ல வேண்டும்.

உண்மையிலேயே கலங்கள் சென்ற வழி பக்கிங்ஹாம் கால்வாய். 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் கூலிக்கு மண் சுமந்தவர்களின் உழைப்பும் அதில் உண்டு. ஆந்திரக் கரையிலிருந்து சென்னை வழியாக மரக்காணம் வரை உப்பும் விறகும் நெல்லும் அதில் வந்தன. அது 4-ஆவது தேசிய நீர்வழியின் பகுதி. சென்னைக்குள் அதன்மீது பறக்கும் ரயிலின் தூண்கள் நிற்கின்றன. எஞ்சிய நீர் கழிவுநீர். சொந்தப் படகு வைத்திருப்பவர் அங்கே மூக்கைப் பிடித்துக்கொண்டுகூடச் செல்ல முடியாது.

ஓய்வு பெற்ற ஒரு தம்பதி அச்சமின்றிப் படகில் சென்று வரக்கூடிய ஆறு, மீனவருக்கும் படகோட்டிக்கும் பாதுகாப்பான ஆறாகவே இருக்கும். இரவில் படகு கட்டும் துறை, கழிவுத் தொட்டி, ஆழம் காட்டும் குறி, ஆபத்தில் அழைக்க ஓர் எண் ஆகியவற்றுக்கு ஆகும் செலவு, தூர்வாரும் செலவில் சிறு பகுதிதான். சொந்தப் படகுகளுக்கு எளிய தனிப் பதிவு முறை வகுக்கக் காசு தேவையே இல்லை. மத்திய அரசும் மாநிலங்களும் ஒன்றாக அமர்ந்தால் போதும்.

நீர்வழிகளில் எத்தனை டன் சரக்கு சென்றது என்ற கேள்விக்கு அரசிடம் ஆண்டுதோறும் விடை இருக்கிறது. வாராணசிக்கும் ஹால்தியாவுக்கும் இடையே இருட்டிய பிறகு ஒரு சிறு படகைப் பாதுகாப்பாகக் கட்டிவைக்க எத்தனை இடங்கள் உள்ளன? கேள்வி நேரம் அமளியின்றி நடக்கும் ஒரு நாளில், உறுப்பினர் ஒருவர் அதைக் கேட்கட்டும்.